கொல்லைப்புறத்துக்கு ஓசனிச்சிட்டு வர வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், வட கரோலினாவின் ராலி, கேரி வட்டாரத்துத் தமிழ் வீடுகளிலிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் வரத் தொடங்கும்: “பக்கத்து வீட்டுக்கு ஹம்மிங்பேர்ட் வருகிறது, எங்கள் வீட்டுக்கு ஏன் வருவதில்லை?” தமிழில் ஓசனிச்சிட்டு என்று எழுதப்படும் அந்தச் சின்னஞ்சிறு பறவையைப் பற்றிப் புதிதாக வீடு வாங்கியவர்களும், அபார்ட்மெண்டில் இருப்பவர்களும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து கோடை முழுவதும் தங்கும் பெரியவர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அமெரிக்காவின் கிழக்குப் பாதியை மனத்தில் வைத்து எழுதியவை. மேற்குக் கரையில் நிலைமை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் ஃபீடரை வாங்கி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் உண்மையான வேலை. அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் ஃபீடர் ஆசையை விட்டுவிட்டு இரண்டு நல்ல செடிகளை நடுவதே அந்தப் பறவைக்குச் செய்யும் உதவி.

எங்கள் வீட்டுக்கு வருவது எந்த வகை ஓசனிச்சிட்டு?

உலகில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஓசனிச்சிட்டு இனங்கள் உள்ளன. எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில்தான் வாழ்கின்றன. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது அவற்றில் ஒன்றே ஒன்றுதான்: ரூபி த்ரோட்டட் எனப்படும் மாணிக்கத் தொண்டைச் சிட்டு. எடை ஏறக்குறைய 3 கிராம். முதுகு பளபளக்கும் பச்சை, அடிவயிறு சாம்பல் கலந்த வெண்மை, ஆணுக்குக் கழுத்தில் மாணிக்கச் சிவப்பு. நியூ ஜெர்சி, வர்ஜீனியா, ஜார்ஜியா, ஓஹையோ என்று எங்கே இருந்தாலும் கோடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சியாட்டிலிலும் இருப்பவர்களுக்கு ஆன்னாஸ் என்ற இனம் கிடைக்கும். அது ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

நம் ஊரில் செம்பருத்தியில் தேன் குடிக்குமே, அது ஓசனிச்சிட்டு இல்லையா?

இல்லை. நம் ஊரில் செம்பருத்தியிலும் வாழைப்பூவிலும் தேன் குடிப்பது தேன்சிட்டு. ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டங்களிலேயே பார்க்கக் கிடைப்பவை. தேன்சிட்டு குருவி, காகம் ஆகியவற்றோடு ஒரே பெரும் வரிசையைச் சேர்ந்தது. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு உழவாரன் பறவை. பூந்தேனைத் தேடிய இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே நீண்ட அலகையும் மினுங்கும் இறகையும் பெற்றிருக்கின்றன. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்து குடிக்கும். ஓசனிச்சிட்டு பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும்.

“இல்லை, நான் அந்தரத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன், அதுவும் மதுரையில்” என்று உறுதியாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தது அநேகமாகப் பருந்தந்துப்பூச்சி. பகலில் பறக்கும் சில வகைகள் பூவுக்கு முன்னால் அச்சாக இந்தப் பறவையைப் போலவே மிதக்கும். அமெரிக்கத் தோட்டங்களிலும் அதன் உறவினங்கள் உண்டு. தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் அது பூச்சி.

ஃபீடரை எப்போது மாட்ட வேண்டும்?

ராலி பக்கம் மார்ச் கடைசி வாரத்தில் முதல் ஆண் பறவைகள் வரும். அதனால் மார்ச் மூன்றாம் வாரத்தில் மாட்டிவிடுங்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்றால் ஏப்ரல் நடுப்பகுதி போதும். டெக்சாஸ் கடற்கரைக்கும் லூசியானாவுக்கும் மார்ச் தொடக்கம். ஆண் பறவைகள் முதலில் வந்து இடம் பிடிக்கும், சில நாள் கழித்துப் பெண் பறவைகள் வரும்.

சர்க்கரைத் தண்ணீர் எப்படித் தயாரிப்பது?

ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர். அவ்வளவுதான். ஒன்றுக்கு நான்கு என்ற இந்த அளவு அவை விரும்பிக் குடிக்கும் பூக்களின் தேனில் இருக்கும் இனிப்புக்கு நெருக்கமானது. சர்க்கரை கரைய வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்க வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்தவுடன் கலங்கலாகத் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கடைகளில் பாட்டிலில் விற்கும் ‘நெக்டர்’ தேவையே இல்லை. அதில் இருப்பதும் சர்க்கரைதான், விலை மட்டும் கூடுதல்.

வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே. நாட்டுச் சர்க்கரையோ, பனங்கற்கண்டோ, தேனோ போடலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லாருமே நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். “நாம் சாப்பிடாத வெள்ளைச் சர்க்கரையை வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பதா?” என்று ஒரு பாட்டி என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஆனால் நம் உடம்பும் அதன் உடம்பும் வேறு. பூந்தேனில் முக்கியமாக இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையும் அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, இங்கே கிடைக்கும் பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றில் நாம் சத்து என்று கொண்டாடும் இரும்பும் பிற தாதுக்களும் இருக்கின்றன. ஓசனிச்சிட்டின் உடல் மிகக் குறைந்த இரும்போடு வாழப் பழகியது. நாள்தோறும் தன் எடையளவுக்குக்கூட நீராகாரம் குடிக்கும் ஒரு பறவைக்கு அந்தச் சத்தே நஞ்சாகச் சேர்ந்துவிடும்.

தேன் இன்னும் மோசம். தேனைத் தண்ணீரில் கரைத்தவுடன் அது விரைவில் புளிக்கத் தொடங்கும், பூஞ்சை வளரும். செயற்கை இனிப்புகளில் கலோரியே இல்லை. வயிறு நிறையக் குடித்தும் பறவை பட்டினி கிடக்கும். ஆகவே வெள்ளைச் சர்க்கரை, தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம்.

சிவப்பு நிறம் கலக்க வேண்டுமா?

வேண்டாம். ஃபீடரின் மூடியோ அடித்தட்டோ சிவப்பாக இருந்தாலே அதன் கண்ணில் பட்டுவிடும். பூக்களின் தேனுக்கு நிறமே கிடையாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

வெயிலைப் பொறுத்தது. ஏப்ரலில் நான்கைந்து நாள் தாங்கும். ஜூன், ஜூலையில் இரண்டு நாள். வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும் மாற்றுவதே நல்லது. தண்ணீர் காலியாகவில்லையே என்று விட்டுவைக்கக் கூடாது. அதனால்தான் ஃபீடரை நிரப்பி வைக்காமல், குடிக்கும் அளவுக்குக் கால் பங்கோ அரைப் பங்கோ ஊற்றச் சொல்கிறேன். சர்க்கரை விலை மலிவுதான், கொட்ட மனம் வராதது நம் பழக்கம்.

கழுவும்போது வெந்நீரும் பிரஷும் போதும். பறவை அலகை விடும் சிறு துளைகளின் உட்புறத்தில்தான் கறுப்பாகப் பூஞ்சை படியும். ஃபீடரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும். பாட்டில் கழுவும் பிரஷ் அங்கே நுழையாது. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ் கச்சிதமாக நுழையும். பூஞ்சை பிடித்துவிட்டால் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து ஊறவைத்துத் தேயுங்கள். பிறகு பலமுறை அலசிக் காயவிடுங்கள். சோப்புப் போட்டால் அதன் படலம் முழுவதும் போகும்வரை அலச வேண்டியிருக்கும் என்பதால் நான் போடுவதில்லை.

எந்த ஃபீடர் நல்லது, எங்கே மாட்டுவது?

எளிதாகப் பிரித்துக் கழுவ முடிந்ததே நல்ல ஃபீடர். தலைகீழ்ப் பாட்டில் வகையைவிட, மேலே மூடியும் கீழே ஆழமில்லாத கிண்ணமும் உள்ள தட்டு வகையையே பரிந்துரைப்பேன். அது ஒழுகாது, நான்கு துளைகளோடு முடிந்துவிடும், கை உள்ளே போகும். கண்ணாடியில் பூ வேலை செய்த அழகான ஃபீடர்களைப் பரிசாக வாங்கித் தருகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கழுவ முடியாது.

காலை வெயிலும் மதிய நிழலும் படும் இடம் சிறந்தது. பக்கத்தில் ஒரு மரமோ புதரோ இருந்தால் குடித்துவிட்டு உட்கார வசதியாக இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் மோதிச் சாகாமல் இருக்க ஃபீடரைக் கண்ணாடியிலிருந்து மூன்றடிக்குள்ளாகவோ, முப்பதடிக்கு அப்பாலோ மாட்டுங்கள். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து, ஏனென்றால் அந்த இடைவெளியில் பறவை முழு வேகம் பிடித்துவிடுகிறது. மூன்றடிக்குள் என்றால் மோதினாலும் அடி பலமாக இராது.

எறும்பும் குளவியும் மொய்க்கின்றனவே?

எறும்புக்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைப்போமே, அதே உத்திதான். ஃபீடருக்கு மேலே, கம்பியில் தொங்கும் சிறு தண்ணீர்க் கிண்ணத்தை ‘ஆன்ட் மோட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். அதில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் எறும்பு கீழே இறங்காது. கம்பியில் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டாம். அது பறவையின் இறகில் ஒட்டினால் நீக்கவே முடியாது. எறும்பு மருந்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

குளவிக்கும் தேனீக்கும் நாக்கு குட்டை. தட்டு வகை ஃபீடரில் தண்ணீர் துளைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் அவற்றுக்கு எட்டாது. மஞ்சள் பூ ஒட்டிய ஃபீடர்களைத் தவிருங்கள், மஞ்சள் குளவியை அழைக்கும். அப்படியும் தொல்லை தந்தால் ஃபீடரைப் பத்தடி தள்ளி மாட்டுங்கள். பறவை தேடி வந்துவிடும், குளவிக்குக் கண்டுபிடிக்க நேரமாகும்.

நியூ ஜெர்சியின் வடமேற்குப் பகுதி, வட கரோலினாவின் மலைப்பகுதி போன்ற இடங்களில் கரடியும் வரும். அங்கே இருப்பவர்கள் இரவில் ஃபீடரை உள்ளே எடுத்துவைத்துவிட வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீரை மட்டுமே குடித்து உயிர் வாழ்கிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சர்க்கரை பறப்பதற்கான எரிபொருள் மட்டுமே. தசைக்கும் இறகுக்கும் முட்டைக்கும் வேண்டிய புரதம் கொசு, சின்ன ஈ, அசுவினி, குட்டிச் சிலந்தி ஆகியவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. மாலை நேரத்தில் ஒரு கிளையின் நுனியிலிருந்து குபீரென்று பாய்ந்து, வெறும் காற்றைக் கொத்திவிட்டு அதே நுனிக்குத் திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சியைப் பிடித்திருக்கும். குஞ்சுகளுக்கும் தாய் பூச்சியை ஊட்டியாக வேண்டும்.

ஆகவே புல்வெளிக்கும் கத்தரிச் செடிக்கும் பூச்சிமருந்து அடித்துவிட்டு ஃபீடரும் மாட்டுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாகும். கொசு ஒழிப்புக்கு மாதச் சந்தா கட்டித் தோட்டம் முழுக்க மருந்து தெளிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்த மருந்து கொசுவோடு நிற்பதில்லை. தேங்கிய தண்ணீரைக் கொட்டினாலே கொசுவின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

என்ன செடி வைக்கலாம்?

ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் கோரல் ஹனிசக்கிள். தென்கிழக்கு அமெரிக்காவின் சொந்தக் கொடி. நீண்ட குழல் வடிவச் சிவப்புப் பூ, உள்ளே மஞ்சள். மார்ச் கடைசியில் முதல் சிட்டு வந்து இறங்கும்போது வேறு பூ அதிகம் இருக்காது, இது பூத்திருக்கும். வேலியிலோ, வாசல் தூணிலோ ஏற்றிவிடலாம். நர்சரியில் கேட்கும்போது ஜப்பானிய ஹனிசக்கிளைத் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து மணக்கும் அந்தக் கொடி இங்கே காடுகளை மூடிக்கொண்டிருக்கும் அந்நியச் செடி.

கோடைக்குப் பீ பாம், ஆகஸ்டிலிருந்து கார்டினல் ஃப்ளவர். பின்னது ஈர நிலத்தில் செழிக்கும், மழைநீர் வழியும் மூலைக்கு ஏற்றது. ஓடையோரத்தில் தானாகவே முளைக்கும் ஜுவல்வீட் நம் காசித்தும்பைக்குத் தங்கை முறை. ஆரஞ்சு நிறப் பூவில் செப்டம்பரில் சிட்டுகள் கூடும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ட்ரம்பெட் க்ரீப்பரும் அதற்கு மிகப் பிடித்த கொடிதான். ஆனால் அது வேர் விட்டுக் கண்ட இடத்தில் கிளம்பும், சுவர் ஓரத்தில் நடவே கூடாது.

நம் வீடுகளில் ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் சிவப்புச் செம்பருத்தியையும் அவை தேடி வரும். ஒற்றை அடுக்குச் செம்பருத்தியாக இருக்கட்டும், அடுக்குச் செம்பருத்தியில் இதழ்கள் வழியை அடைத்துவிடும். கல்வாழை வைத்தால் இன்னும் விசேஷம். காய்கறித் தோட்டம் போடுபவர்கள் பந்தலில் அவரையோடு ஸ்கார்லெட் ரன்னர் பீன்ஸ் விதையையும் ஊன்றலாம். சிவந்த பூ அதற்கு, காய் உங்களுக்கு.

அபார்ட்மெண்ட் பால்கனிக்கு வருமா?

வரும். மூன்றாம் மாடிக்கும் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தொட்டியில் சிவப்பு சால்வியா, கைப்பிடியில் ஒரு சிறு ஃபீடர், அவ்வளவு போதும். சில குடியிருப்புகளில் விதை ஃபீடருக்குத் தடை இருக்கும். சர்க்கரைத் தண்ணீருக்கும் அந்தத் தடை பொருந்துமா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். கீழ்வீட்டார் தலையில் ஒழுகாத ஃபீடராகவும் இருக்க வேண்டும்.

மாட்டி மூன்று வாரம் ஆகிறது, ஒன்றும் வரவில்லையே?

மே கடைசியிலிருந்து ஜூன் வரை இது எல்லாருக்கும் நடக்கும். பெண் பறவைகள் அடைகாக்கப் போய்விடும், காட்டில் பூவும் பூச்சியும் நிறைய இருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஜூலை நடுவில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்ததும் கூட்டம் சேரும். ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும்தான் ஆண்டின் உச்சம். உள்ளூர்ப் பறவைகளோடு வடக்கிலிருந்து தெற்கே போகிறவையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே பறவை உட்கார்ந்துகொண்டு மற்றவற்றைத் துரத்துகிறது. என்ன செய்வது?

அது அதன் சுபாவம். பூவைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தால் தனக்கு உணவில்லை என்ற கணக்கில் வளர்ந்த பறவை, ஃபீடரையும் அப்படியே காக்கிறது. வீட்டின் ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் ஒன்று என்று ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி இரண்டு ஃபீடர் மாட்டுங்கள். ஓர் ஆள் இரண்டு வாசலைக் காக்க முடியாது.

கழுத்து சிவப்பு என்றீர்கள், எனக்குக் கறுப்பாகத்தானே தெரிகிறது?

அந்தச் சிவப்பு சாயத்தால் வருவதன்று. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தால் வருவது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து, பறவையும் உங்களை நேருக்கு நேர் பார்த்தால் தீக்கங்கு போல எரியும். தலையைச் சற்றுத் திருப்பினால் அடுத்த நொடி கரி. எனவே காலையில் கிழக்கே முதுகு காட்டி உட்கார்ந்து பாருங்கள்.

கழுத்து வெள்ளையாகவும் வால் நுனியில் வெண்பொட்டுகளும் இருந்தால் பெண். ஆகஸ்டில் வெள்ளைக் கழுத்தில் ஒன்றிரண்டு சிவப்பு இறகு மட்டும் தெரிந்தால் அது அந்த ஆண்டு பிறந்த இளம் ஆண். இதைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டால் குழந்தைகள் ஜன்னலைவிட்டு நகரமாட்டார்கள்.

அந்தரத்தில் எப்படி நிற்கிறது?

மற்றப் பறவைகள் இறக்கையைக் கீழே அடிக்கும்போது மட்டுமே பெரும்பாலும் தூக்குவிசை பெறுகின்றன. ஓசனிச்சிட்டு தோள்மூட்டிலேயே இறக்கையைப் புரட்டி, முன்னும் பின்னுமாகக் கிடைமட்டத்தில் எட்டு வடிவத்தில் வீசுகிறது. அதனால் திரும்பும் வீச்சிலும் விசை கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, எடையில் முக்கால் பங்கைக் கீழ்வீச்சும் கால் பங்கைத் திரும்பும் வீச்சான மேல்வீச்சும் தாங்குவதாக அளந்து காட்டியது. மாணிக்கத் தொண்டைச் சிட்டு நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் இறக்கை அடிக்கும். நமக்குக் கேட்கும் ரீங்காரம் அதுதான். பின்னோக்கிப் பறப்பதும் இதே உத்தியால்தான்.

தேனை அது உறிஞ்சுவதில்லை, நக்குகிறது. பிளவுபட்ட நாக்கின் நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே இழுக்கும்போது மூடித் தேனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நொடிக்குள் பத்து முறைக்கு மேல் இது நடந்துவிடும். வாய்ப்புக் கிடைத்தால், குடித்து முடித்து அலகை வெளியே எடுத்தவுடன் பாருங்கள். அலகு நுனிக்கு வெளியே நூல் போல நாக்கு ஒரு கணம் நீண்டு உள்ளே போகும்.

கூட்டைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. கீழ்நோக்கிச் சரிந்த மெல்லிய கிளையின் மேல், தரையிலிருந்து பத்து முதல் நாற்பது அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலத்தில் இருக்கும். செடிப் பஞ்சைச் சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பாசித் துணுக்குகளை ஒட்டி மறைத்திருக்கும். சிலந்தி நூல் நெகிழ்வதால் குஞ்சு வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். மொச்சைக் கொட்டை அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க மூன்று வாரம். அத்தனையும் பெண்ணின் உழைப்பு, ஆண் எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டுச் சுவரின் சிலந்தி வலைகளை ஏப்ரல், மே மாதங்களில் முழுக்கத் துடைத்துவிடாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

கூட்டை நகர்த்துவதும், முட்டையோ காலிக் கூடோ எடுத்து வைத்துக்கொள்வதும் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம்.

காலையில் ஃபீடரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த இரவில் உணவின்றி உயிர் காக்க, அது உடல் வெப்பத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி, இதயத் துடிப்பைத் தணித்து, மரத்துப்போன நிலைக்குச் செல்லும். பகலில் நிமிடத்திற்கு ஆயிரத்தைத் தாண்டும் துடிப்பு அப்போது நூறுக்கும் கீழே வரலாம். அந்த நிலையில் கால் பிடியோடு சரிந்து தொங்குவதும் உண்டு. தொடாதீர்கள், வெந்நீரில் காட்டாதீர்கள். வெயில் ஏறியதும் உடல் நடுங்கி, அரை மணி நேரத்துக்குள் விழித்துப் பறந்துவிடும். தரையில் விழுந்து, வெயில் வந்த பிறகும் எழாமல் கிடந்தால் மட்டும் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழையுங்கள்.

கராஜுக்குள் புகுந்துவிட்டது, வெளியே போகத் தெரியவில்லை!

இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தானியங்கிக் கராஜ் கதவில், மின்சாரம் போனால் கையால் இழுத்துத் திறக்க ஒரு சிவப்புப் பிடி கயிற்றில் தொங்குமே, அதைப் பூவென்று நினைத்துத்தான் பல சிட்டுகள் உள்ளே வருகின்றன. உள்ளே மாட்டியதும் மேலே மேலே பறக்குமே தவிர, கீழே இறங்கிக் கதவு வழியே போகத் தோன்றாது. எல்லாக் கதவுகளையும் திறந்து, விளக்குகளை அணைத்து, வாசலில் வெளிச்சத்தில் ஃபீடரைத் தொங்கவிட்டு ஆட்கள் விலகிவிட வேண்டும். துடைப்பத்தால் விரட்டினால் களைத்து விழும். பிறகு அந்தப் பிடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையைப் படிக்கும்போதே எழுந்து போய்ச் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்.

கும்பிடுபூச்சி பறவையைப் பிடிக்குமா?

பிடிக்கும். நான்கு அங்குலம் வளரும் சீனக் கும்பிடுபூச்சி ஃபீடரில் அசையாமல் காத்திருந்து ஓசனிச்சிட்டைப் பிடித்துத் தின்ற நிகழ்வுகள் பல பதிவாகியிருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் ஃபீடரில் அதைக் கண்டால் ஒரு குச்சியில் ஏற்றித் தோட்டத்தின் கோடியில் விட்டுவிடுங்கள். வீட்டுப் பூனையை உள்ளேயே வைத்திருங்கள். ஃபீடருக்குக் கீழே பூனை பதுங்கப் புதர் இருக்கக் கூடாது.

செப்டம்பரில் ஃபீடரை எடுக்காவிட்டால், தெற்கே போகாமல் தங்கிவிடும் என்கிறார்களே?

அது தவறான நம்பிக்கை, ஆனால் எங்கும் பரவியிருக்கிறது. வலசை போகச் சொல்வது குறையும் பகல் நேரம். சர்க்கரைத் தண்ணீர் அதைத் தடுத்து நிறுத்தாது. வயது வந்த ஆண்கள் உணவு கொழிக்கும் ஆகஸ்டிலேயே புறப்பட்டுவிடுவது இதற்குச் சாட்சி. கடைசியாகப் போகிறவை அந்த ஆண்டுக் குஞ்சுகள், வழி காட்ட யாருமின்றித் தனித்தனியே போகின்றன. 3 கிராம் பறவை போகும் முன் கொழுப்புச் சேர்த்து ஏறக்குறைய இரு மடங்காகும். பிறகு பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் குறுக்கே சுமார் 800 கிலோமீட்டரை நிற்காமல், ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் கடந்துவிடும். குளிர்காலத்தைத் தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான காடுகளில் கழிக்கும். மேற்கு வர்ஜீனியாவில் காலில் அடையாள வளையமிடப்பட்ட ஒரு பெண் சிட்டு, ஒன்பது வயதைக் கடந்த நிலையில் 2014இல் மீண்டும் பிடிபட்டு விடுவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் போக, வர என்று அது பறந்த தூரத்தைக் குழந்தைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து தாமதமாக வரும் ஒரு குஞ்சுக்கு உங்கள் ஃபீடர் வழியில் ஒரு வாய் உணவாகும். கடைசிச் சிட்டைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் விட்டுவையுங்கள்.

நவம்பரில் ஒரு சிட்டு வருகிறது. வழி தவறிவிட்டதா?

படம் எடுத்துப் பாருங்கள். முதுகிலோ விலாவிலோ செம்பழுப்பு நிறம் தெரிந்தால், அது அநேகமாக மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்கா வரையிலும் கூடு கட்டும் ரூஃபஸ் இனம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில பறவைகள் தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்து தங்குகின்றன. குளிரைத் தாங்கும் இனம் அது, பரிதாபப்பட்டுப் பிடிக்கத் தேவையில்லை. ஃபீடரை எடுத்துவிடாமல் தொடர்ந்து தண்ணீர் மாற்றிக்கொண்டிருங்கள். தண்ணீர் உறையும் இரவுகளில் ஃபீடரை உள்ளே வைத்து, விடியும் முன் வெளியே மாட்டிவிட வேண்டும், விடிந்ததும் அதற்கு முதல் பசி எடுக்கும். சியாட்டிலில் ஆன்னாஸ் சிட்டுக்கு ஃபீடர் வைப்பவர்கள் குளிர்காலம் முழுக்கச் செய்வதும் இதைத்தான். பார்த்த தேதியையும் படத்தையும் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்று வளையமிடுபவர்கள் அதைப் பார்த்து உங்களைத் தேடி வரக்கூடும்.